பதினேழாம் எண் இழைப்புளி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேஜைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில், தொழிற்பயிற்சிக் கூடத்தின் செயலாளர் லோகநாதன். கூடம் நிற்கிற சேலையூர் நிலமே அவர் அப்பா கொடுத்தது. மின்விசிறிக்கு நேர் கீழே, கமிட்டி உறுப்பினரும் தாம்பரத்தில் மரக்கடை வைத்திருப்பவருமான உமர். ஜன்னலோரம், கைப்பிடி ஆடுகிற நாற்காலியில், பதின்மூன்று வருஷம் முன்பு ஸ்டோர் கீப்பராக ஓய்வு பெற்ற கஸ்தூரிரங்கன். கதவருகே முக்காலியில், இந்த மாசக் கடைசியில் ஓய்வு பெறப்போகும் தச்சுப் பிரிவு ஆசிரியர் குப்புராஜ். முக்காலியில் உட்காரும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே போய் அதில் உட்கார்ந்துகொண்டார்.

மேஜைமேல் இரண்டு பொருள்கள். ஒன்று, சிவப்புக் காலிகோத் துணி அட்டை போட்ட 1977ஆம் வருஷத்துச் சரக்குப் பதிவேடு. மற்றொன்று மரம் சீவுகிற ஓர் இரும்பு இழைப்புளி.

"படிக்கறேன், கேட்டுக்குங்க" என்றார் லோகநாதன். "எண் பதினேழு. இரும்பு இழைப்புளி. ஸ்டான்லி, இங்கிலாந்து. ஆறாம் நம்பர். நீளம் பதினெட்டு அங்குலம். இப்ப இங்க இன்னா கீது? பதினஞ்சு அங்குலம். பாடில பேரும் இல்ல, ஊரும் இல்ல. பிளேடு மட்டும் ஸ்டான்லி."

"நம்ம கடையில ஒரு ஆறாம் நம்பர் கீது" என்றார் உமர். "முன்பிடிகிட்டயே பேரும் நம்பரும் வார்ப்புலயே இருக்கும். கண்ணு தெரியாதவன் தடவிப் பார்த்தே சொல்லிடுவான். இது ஏதோ லோக்கல் பட்டறைச் சரக்கு. நல்ல பாடியை வூட்டுக்கு எடுத்துகினு போயிட்டு, பிளேடை இதுல சொருகி வச்சிட்டா யாருக்குத் தெரியும்னு நெனச்சிருப்பாங்க."

"யாரு நெனச்சாங்க பாய்? பேரைச் சொல்லு" என்றார் குப்புராஜ்.

"நான் யாரையும் சொல்லல மச்சான். இரும்பு சொல்லுது."

"எண்பத்தி நாலுல நான் சேர்ந்தேன். அன்னிலேந்து இதே இழைப்புளிதான். இத்த வச்சித்தான் புள்ளைங்களுக்குக் கதவு இழைக்கக் கத்துக்குடுத்தேன்."

"அப்ப பொறுப்பு எடுத்துக்கும்போது இன்னாத்துக்குக் கையெழுத்து போட்ட?" லோகநாதன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்னு போட்டு கீது பாரு."

குப்புராஜ் ஜன்னல் பக்கம் கை காட்டினார். "அது கஸ்தூரிரங்கன் சார் எழுதுன புக்கு. அத்தப் போயி நான் ஸ்கேல் வச்சி அளப்பனா?"

"அதான் நானும் சொல்றேன். சார் எழுதினா கல்லுல வெட்டின மாதிரி. அதான் அவரையே வரவழைச்சிருக்கேன். பார்த்துச் சொல்லுங்க சார். வர வெள்ளிக்கிழமை நான் ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுக்கணும். கமிட்டி தீர்மானம்."

கஸ்தூரிரங்கன் இழைப்புளியைக் கையில் எடுத்தார். கனம் மணிக்கட்டில் இறங்கியது. எழுபத்தோரு வயசில் எல்லாமே கொஞ்சம் கூடுதல் கனம்தான். மேல்மூடியைத் தளர்த்திப் பிளேடை உருவினார். ஸ்கேல் வைத்து அளந்தார். அகலம் இரண்டே காலே அரைக்கால் அங்குலம். பிளேடின் மேல்நுனியில் ஸ்டான்லி முத்திரை. அதை மேஜைமேல் வைத்துவிட்டு இரும்பு உடலைப் பக்கவாட்டில் திருப்பினார். துருவுக்கு அடியில் எண் தட்டுப்பட்டது. கட்டைவிரலால் தடவினார். ஒன்று. ஏழு. ஏழின் கால் பாதியில் நின்றது.

அந்த எண்களைக் குத்தியது அவரேதான். எழுபத்தாறில், கூடம் தொடங்கிய புதிதில், எண் குத்தும் அச்சுகள் ஒரு செட் வாங்கினார்கள். ஏழாம் அச்சின் கால் முதல் வாரமே உடைந்துபோயிற்று. அதனால் ஏழு வருகிற எண்ணெல்லாம் நொண்டி ஏழுதான். எழுபத்தொன்பதில் அந்த செட்டே காணாமல் போய்விட்டது. குப்புராஜ் வந்ததோ அதற்கு ஐந்து வருஷம் கழித்து.

"இந்த பாடி நம்ம கூடத்தோடதுதான்" என்றார். "ஆரம்பத்துலேந்து இருக்கறது."

"அப்ப புக்குல இருக்கற ஸ்டான்லி எங்க போச்சு?" என்றார் லோகநாதன்.

கஸ்தூரிரங்கன் பிளேடை மறுபடியும் சொருகி மேல்மூடியை இறுக்கினார். "எழுத்துல தரேன்" என்று மட்டும் சொன்னார்.

"நல்ல பேஜாராப் போச்சு" என்று உமர் எழுந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க சார். எனக்கு லோடு வருது."

வாசலில் குப்புராஜ் செருப்பை மாட்டாமல் நின்றுகொண்டிருந்தார். "சார், நீங்க எழுதுனது தப்புன்னு நான் சொல்ல வரல. நான் எடுக்கல. அவ்ளோதான்."

கஸ்தூரிரங்கன் தலையசைத்தார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிட்லபாக்கம் வருகிறவரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே அதை நினைத்தார். உட்கார இடம் கிடைத்தபோது இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். அந்த நாளில் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் இழைப்புளிகளின் பிளேடை மட்டும் கழற்றி, எண் போட்ட மரத்தட்டில் அடுக்கி, ஸ்டோரில் ஒப்படைத்துவிட வேண்டும். பிளேடு இல்லாத இழைப்புளியை எவனும் திருடமாட்டான், பையன்கள் கையையும் வெட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று கணக்கு. உடல்கள் பட்டறையிலேயே கிடக்கும். எழுபத்தேழு ஜூனில் ஒரு நாள், மறுநாள் காலை தணிக்கை என்று தகவல் வந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். கஸ்தூரிரங்கன் மரத்தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பிளேடுகளைப் பார்த்தே பதிவேட்டை எழுதினார். தயாரித்தவர் பெயர் பிளேடில் இருந்தது. அளவு இல்லை. அகலத்தை அளந்து கம்பெனி விலைப்பட்டியலில் பார்த்தார். அதே அகலம் மூன்று அளவுகளுக்குப் போட்டிருந்தது: பதினைந்து அங்குலம், பதினெட்டு, இருபத்திரண்டு. நடுவில் இருந்ததை எழுதினார். நீளத்தையும் பட்டியலிலிருந்தே எழுதினார். நாளைக்குப் பட்டறை திறந்ததும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஸ்டோரிலிருந்து பட்டறைக்கு அறுபது அடிதான். அந்த 'நாளை' வரவேயில்லை.

அந்த பிளேடு அந்த உடலுக்கு உரியதே இல்லை. தணிக்கைக்குச் சில மாசம் முன்பு பழைய பிளேடு விரிசல் விட்டபோது, குப்புராஜுக்கு முன்னால் ஆசிரியராக இருந்த சுவிசேஷமுத்து மூர் மார்க்கெட்டில் தேடிப்பிடித்து இதை வாங்கிவந்து போட்டார். அதுவும் இப்போது நினைவுக்கு வந்தது.

வீட்டில் மனைவி நாகலக்ஷ்மி குடங்களோடு வாசலில் நின்றாள். தண்ணி லாரி மேடவாக்கத்தோடு திரும்பிவிட்டதாம். "அஞ்சு மணி நேரமா நிக்கறேன். எங்கே போனேள், என்ன ஆச்சு?"

சொன்னார். அவள் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கேட்டாள்.

சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார். முதல் கடிதம் சுலபமாகவே வந்தது. முன்னாள் ஆசிரியர் சுவிசேஷமுத்து, ஸ்டோருக்குத் தெரிவிக்காமல் பிளேடை மாற்றியதால், பதிவேட்டுக்கும் பொருளுக்கும் வித்தியாசம் வந்திருக்கலாம். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. சுவிசேஷமுத்து இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. குப்புராஜும் தப்பித்துவிடுவார். நாகலக்ஷ்மியிடம் படித்துக் காட்டினார்.

"சுவிசேஷமுத்து சம்சாரம் செல்வமேரியை நேத்திக்குத்தான் மாடம்பாக்கத்துல ரேஷன் கடையில பார்த்தேன்" என்றாள் அவள். "முழங்காலைப் பிடிச்சுண்டு வரிசையில நின்னுண்டிருந்தா. உங்களை விசாரிச்சா."

"நான் அவர் திருடினார்னு எழுதலையே."

"எழுதலைதான். அவாத்துக்குப் போய் யாராவது கேட்டா அவ என்ன சொல்லணும்னு அதையும் எழுதிடுங்கோ."

அவர் தாளை நான்காக மடித்துக் கிழித்தார். கிழிப்பதற்கே கை வலித்தது.

மறுநாள் காலை இரண்டாவது கடிதம். அவர் வழக்கப்படி இன்ன தேதி, இன்ன அறை, யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று தொடங்கினார். பிறகு எண் போட்டு எழுதினார். ஒன்று, பதினேழாம் எண் உடல் கூடத்தின் பழைய உடலே. உடைந்த ஏழாம் அச்சின் தடம் அதற்குச் சாட்சி. இருபத்தேழாம் எண் உளிப் பெட்டியிலும் அதே தடத்தைப் பார்க்கலாம். இரண்டு, அந்த உடல் ஸ்டான்லி அல்ல, ஆறாம் நம்பர் அளவும் அல்ல. தயாரித்தவர் தெரியவில்லை, நீளம் பதினைந்து அங்குலம். மூன்று, பொருளைப் பார்க்காமல், அளக்காமல், பிளேடை மட்டும் பார்த்துப் பதிவேடு எழுதியவன் நான். நான்கு, குப்புராஜ் என் எழுத்தை நம்பிக் கையெழுத்திட்டார். அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை.

அங்கே பேனாவை வைத்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அன்று மரத்தட்டில் இருந்தது ஒரு பிளேடு அல்ல, பதினொன்று. ஐந்தாவதாக எழுதினார்: பதினான்கு முதல் இருபத்துநான்கு வரை எல்லா இழைப்புளிகளையும் அதேபோல்தான் பதிந்தேன். அவற்றையும் அளந்து பார்க்கவும். என் பதிவை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

ஓய்வு பெற்ற அன்று கொடுத்த பாராட்டுப் பத்திரம் எதிர்ச் சுவரில் இருந்தது. அதை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையெழுத்திட்டு, குப்புராஜுக்கு ஒரு நகல் எடுத்து எழுதினார். அதன் அடியில், எண் போடாமல், 'நேற்று வாசலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை' என்று ஒரு வரி சேர்த்தார்.

தபால் ஆபீசில் கூட்டம் இல்லை. கவுன்டரில் இருந்த பெண் முகவரியைப் படித்தாள். "சார், ரெண்டுமே இங்க பக்கத்துல தானே? நேர்லயே குடுத்துடலாமே."

"நேர்ல போனா பேச வேண்டியிருக்கும்மா. பதிவுத் தபால்லயே போகட்டும். ஒப்புகை அட்டை வேணும்."

"ஒட்டலையே சார். பசை அங்க இருக்கு."

பசைக் கிண்ணத்தில் பசை காய்ந்துபோயிருந்தது. விரலை நனைத்துக் குழைத்து, இரண்டு உறைகளின் வாயிலும் தடவி, மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார். பிடித்துக்கொண்டதும் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உறைகளைப் பின்னால் திறந்திருந்த பையில் போட்டாள்.