காலியாக விடக் கூடாத குழாய்

எங்கள் பக்கத்தில் டிரெய்லரைப் பூட்டியவரே அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. பூட்டுவது ஒருவர், பார்ப்பது இன்னொருவர். தான் போட்ட முடிச்சு தனக்கு எப்போதும் இறுக்கமாகத்தான் தெரியும். அதனால் தேவாலய வாசலானாலும் சரி, மாட்டுச் சந்தையானாலும் சரி, புறப்படும் முன் பக்கத்தில் நிற்பவரிடம், "கொஞ்சம் குனிஞ்சு பாரேன்" என்று சொல்வது வழக்கம். மாட்டேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு சதுரக் குழாய் இருக்கும். அதில் ஓர் இரும்புக் கட்டையைச் செருகி, குறுக்கே ஊசி போட்டு நிறுத்துவோம். கட்டையின் நுனியில் பந்து. டிரெய்லரின் மூக்கு அந்தப் பந்தின்மேல் கவிழ்ந்து உட்காரும். இந்தக் கட்டையை எங்களில் யாரும் பூட்டு போட்டு வைப்பதில்லை. தேவைப்பட்டவர் யார் வண்டியிலிருந்தும் உருவிக்கொண்டு போகலாம், கேட்கக்கூட வேண்டாம். ஆனால் குழாயைக் காலியாக விட்டுப் போகக் கூடாது. தன்னுடைய கட்டையை அங்கே செருகிவிட்டுப் போக வேண்டும். காலியாக விட்டவனைத் திருடன் என்போம்.

இவை இரண்டையும் முதலில் சொல்லிவைத்தால்தான் மற்றது புரியும்.

ஆகஸ்ட் மாதம் கட்டர் ஓடைக்கு மேலே காடு பற்றிக்கொண்டது. ஓடைப் பாதை நெடுஞ்சாலையில் வந்து சேரும் இடத்தில், தீவனக் கடை முற்றத்தில், என்னை நிறுத்தியிருந்தார்கள். மேலே இருக்கும் ஆடு, மாடு, குதிரைகளை இறக்கிக் கொண்டுவர டிரெய்லர்கள் போய் வந்துகொண்டிருந்தன. ஏறும் ஒவ்வொன்றையும் பார்த்து அனுப்புவது என் வேலை. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். தினமும் காலையில் வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பழகியவள்.

ஓடைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே கொஞ்சம் இடம் உண்டு, அவ்வளவுதான். நடுவழியில் ஒரு டிரெய்லர் கழன்று குறுக்கே விழுந்தால், அதற்கு மேலே இருப்பவர்கள் இறங்கவே முடியாது. அன்று மேலே ஸ்வெங்க் குடும்பம் இன்னும் இருந்தது. என் பேருந்தில் வரும் பிள்ளைகள் அவர்கள்.

புகை சூரியனைச் செம்புக் காசு மாதிரி ஆக்கியிருந்த நேரத்தில் ராய்ஸ் டில்லட்சன் வந்தான். ராய்ஸும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சாலைப் பராமரிப்பு டிப்போவில் வேலை. கோடையில் மலைக்குள் போகிறவர்களுக்குக் கோவேறு கழுதைகளில் சுமை ஏற்றிப் போவான். ஹேஸல், ப்ளூ என்று இரண்டு. ஒருமுறை மலையில் கால் முறிந்து கிடந்த ராய்ஸை ஹேஸல்தான் முதுகில் சுமந்துகொண்டு, யாரும் பிடிக்காமலே, கீழே கொண்டுவந்து சேர்த்தது. வீட்டில் அவனுக்கு வேறு யாரும் இல்லை. அன்று லாடம் அடிப்பவர் வருவதாக இருந்ததால், காலையில் வேலைக்குப் போகும்போது இரண்டையும் கொட்டிலில் அடைத்துவிட்டுப் போயிருந்தான். லாடம் அடிப்பவர் வரவில்லை. தீ வந்துவிட்டது.

அவனுடைய டிரெய்லர் அடிப்பலகை மாற்றுவதற்காக ஊரில் வெல்டிங் பட்டறையில் கிடந்தது. அங்கே போய்ப் பூட்டி இழுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தான்.

"சீக்கிரம் குனி, ஆர்டித். முட்டி மடங்கலைன்னா சொல்லு, நானே பாத்துக்கறேன்."

"என் முட்டி உன் மூளையைவிட நல்லாவே வேலை செய்யுது. வண்டியை அணை முதல்ல."

நான் எப்போதும் பார்க்கும் வரிசையிலேயே பார்த்தேன். குழாயின் குறுக்கு ஊசி இருந்தது, அதன் கிளிப்பும் இருந்தது. சங்கிலிகள் இரண்டும் மூக்குக்கு அடியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருந்தன. கழன்றால் பிரேக் பிடிக்க வைக்கும் கம்பி தளர்வாக, சரியாக மாட்டப்பட்டிருந்தது. விளக்குகள் எரிந்தன. மூக்கின் தாழ் விழுந்திருந்தது, தாழுக்கும் பூட்டூசி போட்டிருந்தான். அவசரத்தில் பூட்டியது மாதிரியே இல்லை.

கடைசியாக ஜாக்கி. டிரெய்லரின் ஜாக்கியைத் தரையில் ஊன்றிச் சுற்றினால் மூக்கு எழும்பும். சரியாகப் பூட்டியிருந்தால் வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்பும். நாலைந்து சுற்று சுற்றினேன். 'டொக்' என்று ஒரு சத்தம். தாழ் போட்டது போட்டபடியே இருக்க, மூக்கு மட்டும் தனியாக மேலே வந்துவிட்டது. வண்டி அசையவே இல்லை.

பந்தின் தலையில் இருந்த கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தேன். இரண்டங்குலம் என்று பொறித்திருந்தது. அவன் டிரெய்லருக்கு வேண்டியது அதைவிட ஒரு பென்சில் தடிமன் பெரியது. பெரிய கிண்ணத்துக்குள் சின்னப் பந்து. தாழ் விழும், சத்தமும் கேட்கும். முதல் பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்வரை எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

ராய்ஸ் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இது என் கட்டை இல்லையே."

"யாரு எடுத்தா?"

"யாருக்குத் தெரியும்? காலையில இருந்து டிப்போவுலதான் வண்டி நின்னுச்சு." அவன் குரலில் கோபம் இல்லை. கட்டையை எடுத்ததற்கு எங்கள் ஊரில் யாரும் கோபப்பட முடியாது. "காலியா இருந்திருந்தா கண்ணுல பட்டிருக்கும். ஒண்ணு சொருகியிருந்துச்சு, என்னோடதுன்னு நினைச்சுட்டேன்."

பிறகு நிமிர்ந்தான். "சரி, விடு. நான் போறேன்."

"போக முடியாது, ராய்ஸ்."

"ஏறும்போது காலி டிரெய்லர் தானே? மெதுவா போறேன்."

"இறங்கும்போது? ரெண்டு கழுதையும் பயந்து உள்ளே குதிக்கும். அந்த வளைவுல கழன்றா நீ மட்டுமா சாவே? ஸ்வெங்க் வீட்டுப் பிள்ளைங்க இன்னும் மேலே இருக்காங்க."

"உனக்கு இப்பத்தான் சட்டம் பேசத் தோணுதா?"

"எனக்கு எப்பவும் தோணும். அதுக்குத்தான் இங்க நிறுத்தியிருக்காங்க."

தீவனக் கடை பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கட்டைகள் தொங்கும் சுவரில் வெறும் ஆணிகள். யார் யாரோ முன்னாலேயே வாங்கிப் போய்விட்டார்கள். என் பிக்கப்பை என் அக்கா மகன் காலையிலேயே கன்றுகளை இறக்க எடுத்துப் போயிருந்தான். போனிலும் சிக்னல் இல்லை.

"டிரெய்லரைக் கழட்டிப் போட்டுட்டு வெறும் வண்டியில போ. கொட்டில் கதவைத் திறந்துவிடு. பிழைக்கிற வழியை அதுங்க பாத்துக்கும்" என்றேன்.

அவன் சங்கிலிகளைக் கழற்ற ஆரம்பித்தான். இரண்டாவது கொக்கியைக் கழற்றும்போது மேலிருந்து ஒரு வண்டி இறங்கி வரும் சத்தம் கேட்டது. டெல்மர் ஃபோக்ட். எங்களைவிட இருபது வயது சின்னவன், ராய்ஸுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரன். மச்சானிடம் இரவல் வாங்கிய நீள டிரெய்லர் நிறைய ஆடுகள். முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளையாகச் சிரித்தது.

"ராய்ஸண்ணே! உன் பந்து தெய்வம்ண்ணே! மச்சான் டிரெய்லருக்குப் பெரிய பந்துதான் வேணும்னு கடைசி நேரத்துலதான் தெரிஞ்சுது. டிப்போவுல உன் வண்டியைப் பாத்தேன், உருவிட்டேன். ஒரு ஆடு விடலை, எல்லாம் இறக்கிட்டேன்." ஒரு கணம் நிறுத்தினான். "காலியா விடலைண்ணே. என்னோடதைச் சொருகிட்டுத்தான் போனேன்."

ராய்ஸ் அவனைப் பார்த்தான். "நல்லது பண்ணினே, தம்பி" என்றான்.

பிறகு என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அதில் நம்பிக்கை வந்திருந்தது. மேலே திரும்பிப் பார்த்தான், டெல்மரின் வண்டிக்குப் பின்னால் இருந்த தன் பந்தைப் பார்த்தான்.

"வெறும் வண்டியில போயிடு, ராய்ஸ்" என்றேன் மறுபடியும்.

"திறந்துவிட்டா அதுங்க ஓடாது, ஆர்டித். பயந்தா கொட்டிலுக்குள்ளேதான் திரும்பிப் போகும். என் கழுதைங்களை எனக்குத் தெரியும். இதோ பந்து வந்துடுச்சு. மாத்திக்கிட்டுப் போய்க் கூட்டிட்டே வந்துடறேன்."

டெல்மருக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. "அண்ணே, உன் கழுதைங்க இன்னும் மேலேயா இருக்கு?" என்றான்.

ஆடு நிறைந்த டிரெய்லரைக் கழற்றுவது எளிதல்ல. சக்கரங்கள் உருளாமல் மரத்துண்டு கொடுத்தோம். ஜாக்கியை ஊன்றினோம். முற்றம் சரிவு, ஆடுகள் எல்லாம் மிரண்டு முன்பக்கம் வந்து முட்டி நின்றன. மூக்கின் பாரம் முழுக்கப் பந்தின்மேல் இறங்கி, தாழ் இறுகிவிட்டது. டெல்மர் சுத்தியலால் அடித்தான். அசையவில்லை. ராய்ஸ் டெல்மரின் வண்டியில் ஏறி ஒரு விரல் அளவு பின்னால் தள்ளினான், நான் தாழைத் தூக்கப் பார்த்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் எடு என்றேன். மறுபடி பின்னால். டெல்மர் அழுதுகொண்டே ஆடுகளைப் பின்பக்கம் விரட்டினான். கடைசியில் தாழ் எழும்பியது.

குறுக்கு ஊசியை உருவி, கட்டையை இழுத்து, ராய்ஸின் குழாயிலிருந்த சின்னப் பந்தை எடுத்துவிட்டு அங்கே செருகினோம். ஊசி போட்டோம். மூக்கு பந்தில் உட்கார்ந்தது. அவனாகவே சொன்னான்:

"குனி, ஆர்டித்."

குனிந்தேன். ஊசி. கிளிப். சங்கிலிகள். கம்பி. தாழ். விளக்கு. ஜாக்கியைச் சுற்றினேன். வண்டியின் பின்பக்கம் டிரெய்லரோடு சேர்ந்து எழும்பியது.

"போ!" என்றேன்.

அவன் வண்டியை எடுக்கும்போதே காற்று திரும்பியதை உணர்ந்தோம். வெப்பம் முகத்தில் அடித்தது. மேலிருந்து ஸ்வெங்க் வீட்டு வண்டி இறங்கி வந்தது. பின் ஜன்னலில் பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன. அதற்குப் பின்னாலேயே ஷெரீஃபின் ஆள் ஒருவன், விளக்கைச் சுழல விட்டுக்கொண்டு வந்தான். பாதை வாயில் வண்டியைக் குறுக்கே நிறுத்தினான்.

"அவ்வளவுதான். ரெண்டாவது வளைவைத் தீ தாண்டிடுச்சு. இவங்கதான் கடைசி."

ராய்ஸ் இறங்கி அவனிடம் போனான். என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பையன் தொப்பியைக் கழற்றிவிட்டு, முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினான். பிறகு ராய்ஸ் திரும்பி வந்து வண்டியின் ஏறுபலகையில் உட்கார்ந்தான். டெல்மர் அவன் எதிரில் நின்றான்.

"அண்ணே..."

"உன் ஆடுங்களுக்குத் தண்ணி காட்டுடா. நாக்கு தொங்குது பாரு."

அதற்குமேல் அவர்கள் பேசியதாக எனக்குத் தெரியாது.

தீ அடங்கி, பாதையைத் திறந்த அன்று காலையில் முற்றத்தில் நான்தான் இருந்தேன். தீயணைப்பு வண்டிகளையும் மின்சாரக் கம்பி இழுப்பவர்களையும்தான் எதிர்பார்த்தேன். ராய்ஸ் வந்தான். சவரம் செய்திருந்தான், சட்டை மாற்றியிருந்தான். பின்னால் டிரெய்லர்.

அது எதற்கு என்ற கேள்வி வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பக்கவாட்டுக் கம்பிகளின் வழியாகப் பார்த்தேன். புதிய அடிப்பலகையின் மேல் வைக்கோல் பரப்பியிருந்தான். மூலையில் ஒரு வாளி தண்ணீர், மூடி போட்டு, சிந்தாமல் கயிற்றால் கட்டி.

கண்ணாடியை இறக்கினான். என்னைப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"கொஞ்சம் குனிஞ்சு பாரேன்."

குனிந்தேன். ஒன்றையும் விடாமல் பார்த்தேன். எழுந்திருக்க மனம் வராததால் சங்கிலிகளை இரண்டாம் முறையும் தொட்டுப் பார்த்தேன். பிறகு ஜன்னலுக்கு வந்தேன்.

"எல்லாம் சரியா இருக்கு, ராய்ஸ்."

தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டான். காலி டிரெய்லரின் சத்தம் எனக்குத் தெரியும். பள்ளத்துக்குப் பள்ளம் தகரடப்பா மாதிரி துள்ளும். வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே கேட்டுவிட்டது. முற்றத்தில் அவன் நிற்கவில்லை. கையைத் தூக்கினான், நானும் தூக்கினேன்.

டிரெய்லரை யாருக்கோ கொடுத்துவிட்டான். கட்டையையும் அதனுடனேயே கொடுத்திருக்க வேண்டும். இப்போது டிப்போவில் நிற்கும் அவன் வண்டியின் பின்னால் சதுரக் குழாய் காலியாக இருக்கிறது. உள்ளே துரு பிடித்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் காலிக் குழாயோடு திரியும் வண்டி அது ஒன்றுதான். ஒருநாள் டெல்மர் அதன் பின்னால் கையில் ஒரு புதுக் கட்டையோடு நின்றுகொண்டிருந்ததைப் பேருந்திலிருந்து பார்த்தேன். நான் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவன் போயிருந்தான். குழாய் காலியாகத்தான் இருந்தது.