தனத்தின் வீட்டுக்குப் போன கடிதம்

முதல் பெஞ்சில் ஜன்னலோரம், கோர்ட்டு குமாஸ்தா மகன் சுப்ரமணி. அவனை ஒட்டி, சாரம் கிராமத்திலிருந்து நடந்தே வரும் இராமதாஸ். நடு பெஞ்சுகளில் சளசளப்பு ஓயாத மற்றவர்கள். கடைசி பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில், மீனவர் ஊரான வைத்திக்குப்பத்துத் தனம்; புரியாததை உடனே கேட்டுவிடுகிறவள். கரும்பலகையோரம், உட்காராமல், சந்திரகலா டீச்சர். ஏழாம் வகுப்பு, சமூகப் பாடம், முதல் பீரியட்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியும், பேர் கூப்பிட்டால் பாதிப் பேர் "பிரசான்" என்று பிரெஞ்சில்தான் குரல் கொடுத்தார்கள். திண்டிவனத்துக்காரியான டீச்சர் அதற்குச் சிரிக்காமல் இருக்கப் பழகியிருந்தாள். பள்ளி திறந்த அன்றே வகுப்பு விதிகளை அட்டையில் எழுதி, பிள்ளைகள் கைதூக்கிச் சம்மதித்த பிறகே சுவரில் மாட்டினாள். சட்டசபையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள், விதியையும் அப்படித்தானே கொண்டுவர வேண்டும்? மணி அடிக்குமுன் வர வேண்டும். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. தெரியாததைக் கேட்க வெட்கப்படக் கூடாது. மூன்று தரம் தாமதமானால் வீட்டுக்குத் தபாலில் கடிதம் போகும். எல்லாம் அவள் திண்டிவனத்தில் படித்த பள்ளியின் விதிகள். அந்த ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை.

இன்று தனம் மூன்றாம் தரமாகத் தாமதம்.

"லெட்டர் போடணும் டீச்சர்," என்று எழுந்தான் சுப்ரமணி. "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நீங்கதான சொன்னீங்க?"

"நீ ஏன்டா துள்ற?" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான் இராமதாஸ்.

"ஏம்மா லேட்டு?" என்றாள் டீச்சர்.

"கட்டுமரம் கரைக்கு வரவே லேட்டு டீச்சர், காத்து சரியில்ல. ரெண்டு கூடை மீனு. அம்மா ஒண்ண மார்க்கெட்டுல எறக்கிட்டு வர்ற வரைக்கும் இன்னொண்ணுக்கு நான் காக்கா ஓட்டணும்." தனம் பையைக் கீழே வைத்தாள். "பள்ளிக்கூடத்துலேந்து ஒரு புகார் வந்தாலும் படிப்ப நிறுத்திடுவேன்னு அம்மா சொல்லியிருக்கு."

கடிதம் போடாவிட்டால் சுவரில் தொங்குவது வெறும் அட்டை. போட்டால் கடைசி பெஞ்சில் ஓர் இடம் காலி. டீச்சர் அட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

தனமே பேசினாள். "போடுங்க டீச்சர். நானுந்தான் கை தூக்கினேன். ஆனா அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படிச்சுக் காட்டணும்."

"மாத்திப் படிச்சுடுவா டீச்சர்!" என்றான் சுப்ரமணி. சிரிப்பு வெடித்தது.

"எங்க தெருவுக்கே நான்தான் படிக்கிறேன். சாவுச் சேதிகூட. ஒரு எழுத்து மாத்துனது கெடையாது."

சிரிப்பு நின்றது. "இந்த விதிய மாத்தலாமா?" என்று டீச்சர் வகுப்பைக் கேட்டாள்.

"மாத்தலாம்," என்றான் சுப்ரமணி. "ஆனா இன்னிலேந்துதான் செல்லும். பழசுக்குச் செல்லாது."

கைகள் உயர்ந்தன. மரம் வரத் தாமதமானால் இரண்டாம் பீரியடுக்கு வரலாம். விட்ட பாடத்தை யாராவது இடைவேளையில் சொல்லித்தர வேண்டும். யார்?

"நானே சொல்றேன்," என்றான் சுப்ரமணி, தரையைப் பார்த்துக்கொண்டு. "குறுக்க பேசாம கேட்டா."

ஆனாலும் பழைய விதிக்கான கடிதம் பாக்கி. டீச்சர் உட்கார்ந்து, தேதியிட்டு, தன் வழக்கப்படி அடித்தல் திருத்தலின்றி எழுதினாள். எழுதியதைத் தனத்திடம் நீட்டினாள். "எப்படி படிச்சுக் காட்டுவியோ அப்படிப் படி."

தனம் நிமிர்ந்து நின்று படித்தாள். "திருமதி தில்லையம்மாள் அவர்களுக்கு. தங்கள் மகள் மூன்று முறை தாமதமாக வந்தாள். விதிப்படி தெரிவிக்கிறேன்." குரல் பிசகவில்லை. வகுப்பு எடுத்த முடிவையும் படித்தாள். "இவள் இல்லாத நேரத்தில், தெரியாததைத் தெரியாது என்று கேட்க இந்த வகுப்பில்..."

அங்கே நின்றுவிட்டாள். காகிதம் முகத்தை மறைத்தது.

"படி! மாத்த மாட்டேன்னியே!" என்றான் சுப்ரமணி. அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

"...ஆளில்லை. எனக்கும் பாடம் நடத்தப் பிடிப்பதில்லை. தயவுசெய்து படிப்பை நிறுத்திவிடாதீர்கள்."

"வீட்டுல இந்த எடத்த விட்டுடாம படிப்பியா?" என்றாள் டீச்சர்.

"படிப்பேன் டீச்சர்." மூக்கைத் தாவணியில் துடைத்துக்கொண்டாள். "கொஞ்சம் மெதுவாப் படிப்பேன்."

இடைவேளையில் டீச்சர் உறையில் பசை தடவி அழுத்தி ஒட்டினாள். இராமதாஸ் தபால்தலையை நாக்கில் தொட்டு ஒட்டினான். வாசலுக்கு வெளியே இருந்த சிவப்புப் பெட்டியில் தனமே கடிதத்தைப் போட்டாள். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.