சேம் வெண்டு

போர்த்துகீசிய மொழித் தேர்வில் லவினாவுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது கிடையாது. தேறினால் கம்பெனியின் போர்த்துகீசியப் பிரிவில் இடம். ஆண்டர்சன்பேட்டை வீட்டிலிருந்தே வேலை. தேறாவிட்டால், விடியற்காலை ரயிலில் நின்றபடி பெங்களூர் போய் இருட்டியபின் திரும்பும் அதே பிழைப்பு.

கேள்வி அவளுக்குத் தெரியும்: 'உங்கள் ஊரில் இனிமையான வானிலை எப்படி இருக்கும்?' போன முறை பாடத்தில் இருந்த வெயிலையும் நீல வானத்தையும் மெல்லிய காற்றையும் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள். 'மனப்பாடம்' என்று ஒரே வார்த்தையில் தோற்கடித்துவிட்டார்கள்.

"இந்த தபா இன்னா சொல்லப்போற?" என்றாள் அம்மா பியாட்ரிஸ்.

"மழைய சொல்லப்போறம்மா."

"வெயில கொண்டாடுற வெள்ளக்காரி பரீச்ச வெக்கிறா, அவகிட்ட போயி மழையா? உருப்பட்ட மாதிரிதான். போ, கதவ சாத்திக்கோ."

மூன்று மணிக்கு லேப்டாப் திரையில் லிஸ்பனிலிருந்து இசபெல் வந்தாள். நரைத்த கிராப்பு, சிரிக்காத முகம். அதே கேள்வி.

"வெயில் இருக்காது. காற்று இருக்காது. காலையிலிருந்து தூறிக்கொண்டே இருக்கும். அதுதான் நல்ல நாள்" என்றாள் லவினா, போர்த்துகீசிய மொழியில்.

இசபெல் கை உயர்த்தினாள். "நான் கேட்டது நல்ல வானிலை. நீங்கள் மோசமானதைச் சொல்கிறீர்கள். பாடத்தை மாற்றிப் படித்துவிட்டீர்களா? வேண்டுமானால் முதலிலிருந்து தொடங்கலாம்."

நாக்கின் நுனியில் நீல வானம் தயாராக இருந்தது. லவினா அதை விழுங்கினாள்.

"மாற்றவில்லை, சென்யோரா. இங்கே தங்கச் சுரங்கம் இருந்தது. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண் மலையாகக் கிடக்கிறது. வெயிலும் காற்றும் சேர்ந்தால்..." தூசிக்கு என்ன வார்த்தை? மறந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. "டெர்ரா க வோவா. பறக்கிற மண். சோற்றில் விழும். அம்மாவுக்கு இருமல் வரும். ஜன்னலைச் சாத்திவிடுவோம். தூறினால் மண் எழாது. சேம் வெண்டு, காற்றில்லாமல், ஜன்னல் திறந்திருக்கும்."

லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். தூறலில் நனைந்து, சாம்பல் நிறத்தில், ஊரார் சயனைடு மலை என்று சொல்லும் அந்த மண்மேடு அசையாமல் கிடந்தது.

இசபெல் திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள். பிறகு தாளில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டாள்: "உங்கள் அம்மா இன்று இருமினார்களா?"

"இல்லை. காலையிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூச்சு நன்றாக இருக்கிறது."

இசபெல் முதல்முறையாகச் சிரித்தாள். "திங்கட்கிழமை பயிற்சி. தூசிக்கு 'போ' என்று பெயர். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்."

கதவைத் திறந்தால், அம்மா அங்கேயே நின்றிருந்தாள்.

"ஒட்டுக் கேட்டியாம்மா?"

"எனக்கு இன்னா புரியும்? அந்தம்மா சிரிச்சிதே, எதுக்கு?"

"நீ என்னைத் திட்டுறத சொன்னேன். வேலை குடுத்துட்டாங்க."

"அப்போ தினம் திட்றேன்" என்ற பியாட்ரிஸ், உள்ளே வந்து ஜன்னலின் இன்னொரு கதவையும் தள்ளித் திறந்தாள்.