இழுக்கக் கூடாத ஊசி

இரைப்பையில் ரத்தக்குழாய் புடைத்து வெடித்தால், வாய் வழியாகக் கேமரா பொருத்திய ஸ்கோப் குழாயை இறக்கி, ஊசியால் பசையைச் செலுத்தி அடைப்பார்கள். எண்டோஸ்கோபி அறையில் பதினெட்டு வருடமாகப் பசை சிரிஞ்சை அழுத்துகிறவள் ஒரே நர்ஸ்தான். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குப் ‘பிசின் அக்கா’ என்றே பெயர். ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஊசியில் தங்கிய பசையைத் தள்ளிவிட, பின்னால் டிஸ்டில்ட் வாட்டர்தான் போக வேண்டும். சலைன் என்ற உப்புநீர் போனால், உப்பு பட்டதும் பசை ஊசிக்குள்ளேயே இறுகிவிடும். புது நர்ஸ்களுக்கு இதைத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். அன்று காலை பூட்டு ரிப்பேர்காரர் ஒருவர் ரத்த வாந்தியோடு வந்தார். அந்த அவசரத்தில், லேபிள் ஒட்டாத இரண்டு சிரிஞ்சுகளில் கைக்கு வந்ததை எடுத்து அழுத்தினாள். சலைன்.

ரத்தம் நின்றது. ஆனால் ஊசி வெளியே வரவில்லை. டாக்டர் இழுத்துப் பார்த்தார். அவள் அவர் கையைத் தடுத்தாள்.

"இழுக்காதீங்க டாக்டர். ரத்தக்குழாய் கிழிஞ்சிடும்."

"அப்ப என்னக்கா பண்றது?"

"ஊசி டியூபை வெளிப்பக்கம் வெட்டிட்டு, ஸ்கோப்பை மட்டும் உருவிடுங்க. ரெண்டு நாள் போனா பிடி தளரும்."

அப்படியே செய்தார்கள். மெல்லிய டியூப் ஒன்று ரிப்பேர்காரரின் வாயோரம் தொங்க, அதைக் கன்னத்தில் ஒட்டினாள்.

"ஊசி மாட்றது எங்கயும் நடக்கறதுதான்க்கா," என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில். "சலைன் விஷயம் வெளிய போக வேணாம்."

"உங்களுக்கு நல்ல மனசு. ஆனா நான் எழுதத்தான் போறேன்."

ஃபைலில் எழுதினாள். ரிப்பேர்காரரின் மனைவியிடமும் மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"உங்களை நம்பித்தானே உள்ள அனுப்பினேன். இனிமே அவர் பக்கத்துல வராதீங்க."

பிசின் அக்கா நேராக வார்டுக்குப் போனாள். வார்டு நர்ஸிடம் டியூபை யாரும் தொடக்கூடாது என்று கறாராகச் சொன்னாள். இரண்டு நாளும் வேளைக்கு ஒருமுறை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் காலை, வேறு நர்ஸை ஏற்பாடு செய்யச் சொன்னாள் மனைவி. டியூபோடு பேச முடியாத ரிப்பேர்காரர் பேப்பர் கேட்டு வாங்கி எழுதினார்: ‘பூட்டுக்குள்ள சாவி மாட்டினா இழுக்கக் கூடாது. ஊசியை இழுக்க வேணாம்னு சொன்னது அந்தம்மாதானாமே? பாதியில ஆளை மாத்தாதே.’

ஊசி கழன்று ரத்தம் வந்தால் உடனே அடைக்க, எண்டோஸ்கோபி அறையில் பசையும் லேபிள் ஒட்டிய டிஸ்டில்ட் வாட்டர் சிரிஞ்சும் தயாராக இருந்தன. மயக்க மருந்துக்கு முன் ரிப்பேர்காரர் சிரிஞ்சைக் காட்டச் சொல்லிக் கையை நீட்டினார். பிசின் அக்கா லேபிளை அவர் கண்ணெதிரே பிடித்தாள். அவர் நிதானமாகப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் ஸ்கோப்பை மறுபடி இறக்கி, டியூபை மெல்ல அசைத்தார். ஊசி தானாகவே கழன்று வந்தது. எல்லோரும் திரையையே பார்த்தார்கள். ஐந்து நிமிடம் பார்த்தார்கள். ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.

வெளியே வந்து மனைவியிடம் சொன்னாள். அந்த அம்மாள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். பிசின் அக்கா அங்கே உட்கார்ந்தாள்.