காரணம் எண் ஒன்று

...ஒன்றை அழுத்தினால் போதும், வேலை முடிந்துவிடும், ஒன்று என்றால் தொழிலாளியின் கவனக்குறைவு, இரண்டு இயந்திரக் கோளாறு, மூன்று பாதுகாப்புச் சாதனம் இல்லாமை, நான்கு இதர காரணம், மனுஷனுக்கு அடிபட நாலே காரணம்தான் என்று பெங்களூரில் யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு கட்டியிருக்கிறார்கள், கட்டட்டும், ஆனால் வடிவின் விரல் மட்டும் ஒன்றின் மேல் போய் நின்று நின்று திரும்பி வந்தது. பழைய விபத்துப் பதிவேட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு விபத்துகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று, நூற்றுப் பதிமூன்றில் என்ன வந்தது? சனிக்கிழமையோடு பதிவேடுகள் கிடங்குக்குப் போய்விடும், மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும், அப்புறம் மைசூர் ஆலைக்கும் பெங்களூர் தலைமை அலுவலகத்துக்கும் ஒரே கோப்பு, அதில் இருப்பதுதான் நடந்தது... தொண்ணூற்றிரண்டு, ஆகஸ்ட், பழனி, ரப்பர் உருளை, வலது கையில் மூன்று விரல், மேற்பார்வையாளர் மல்லப்பன் விடச் சொல்லியும் விடாமல் பிடித்திருந்தார், கவனக்குறைவு. கையெழுத்து யாருடையது? அவளுடையதேதான், 'வ'வின் சுழிகூட மாறவில்லை.

பழனி அப்போது தர்மபுரியிலிருந்து வந்து மூன்றாம் நாள், கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது, விசாரணைக்குக் கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றான், வடிவு எல்லையோர ஹனூர்க்காரி ஆயிற்றே, இரண்டு பாஷையும் வீட்டிலேயே புழங்கியவள், அவளை மொழி மாற்றிச் சொல்லக் கூப்பிட்டார்கள். "பிடின்னாங்கக்கா, நானும் இறுக்கிப் பிடிச்சேன்" என்றான், அவள் அதை அப்படியே கன்னடத்தில் ஒப்பித்தாள், அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றாமல், 'பிடி' என்றார்களாம், இவன் பிடித்தானாம்... கன்னடத்தில் பிடி என்றால் விடு. விடச் சொன்னால் எவனாவது இறுக்கிப் பிடிப்பானா என்று அதிகாரி சிரித்தார், எழுதிக்கொள் என்றார், அவளும் எழுதினாள். சாயங்காலம் பஸ்ஸில் படியில் நின்றவர்களைப் பார்த்து கண்டக்டர் தாரி பிடி, தாரி பிடி என்று வழி விடச் சொல்லிக் கத்தியபோதுதான் உறைத்தது, கம்பியைப் பிடித்தபடி நின்றாள், பிடி... மறுநாள் காலையிலேயே போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, ஏன்? அப்போது வேலை நிரந்தரமாகவில்லை, பயம், வேறென்ன, ஆறு வருஷமாக அந்தப் பயத்துக்கு என்னென்னவோ நல்ல பெயர் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் ஒட்டவில்லை. பழனியை வாசலில் காவலுக்குப் போட்டார்கள், தினமும் மிச்சமிருக்கும் இரண்டு விரலால் கேட்டைத் திறந்து வாங்கக்கா என்கிறான், கவனமில்லாதவன் என்று தன்னைச் சொன்னது யார் என்று அவனுக்குத் தெரியாது.

போதும், சீ, எத்தனை நாளைக்கு... நான்கை அழுத்தினாள். குறிப்புக்கு ஒரு கட்டம் திறந்தது, அறுபது எழுத்துதான் கொள்ளுமாம், மூன்று விரலுக்கு அறுபது எழுத்து, சரி, அதுவாவது இருக்கிறதே, முதலில் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்தாள். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஹேமந்த் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான், பெங்களூர்த் தமிழில், "இதென்ன மேடம், பீடியா? வேலை நேரத்துல பீடி குடிச்சானா?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும், பார், விட்டால் அடுத்த பழி ரெடி.

"பீடி இல்ல சார், பிடி. உங்க கன்னடத்துல விடு, எங்க தமிழ்ல பிடிச்சுக்கோ. மல்லப்பன் விடுன்னாரு, இவன் பிடிச்சுக்கோன்னு கேட்டான். விசாரணையில அதைச் சரியாச் சொல்லாதவ நான்தான்."

ஹேமந்த் நல்ல பையன்தான், வேலை முடிந்தால் போதும் அவனுக்கு, சும்னே, சும்மா ஒண்ணு போட்டு முடிங்க மேடம் என்றான், யார் ஏற்றினது என்று உங்க பெயரும் கூடவே நிற்கும், பெங்களூரில் எல்லாரும் பார்ப்பார்கள் என்றான்.

"பார்க்கட்டும் சார். அதுக்குத்தானே எல்லாருக்கும் தெரியற மாதிரி வெச்சிருக்கீங்க."

மிச்ச இடத்தில் மொழிபெயர்த்தவர் தவறு, வடிவு, என்று அடித்தாள், அறுபதுக்குள் அடங்கிவிட்டது, சேமிக்கவா என்று திரை கேட்டது, ஆமாம் என்றாள், வாய்விட்டே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, ஹேமந்த் திரும்பிப் பார்த்தான். நாளைக்கு என்ன ஆகும்? கூப்பிட்டுக் கேட்பார்கள், கேட்கட்டும், வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்பட்டும், கேட்டில் பழனியிடம் முதலில் சொல்லிவிட வேண்டும், அவன் அக்கா என்பானா இனிமேல்... ஜன்னலுக்கு வெளியே உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன, இந்த வாரம் கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கமிருந்து புதிதாக ஏழு தமிழ் ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள், எங்கோ ரப்பர் தாள் சிக்கியிருக்க வேண்டும், மல்லப்பனின் குரல் கேட்டது, அதே குரல், பிடி, பிடி, பிடி... ஜன்னலுக்கு ஓட எழுந்தவள் எழுந்த பிறகுதான் கவனித்தாள், இரண்டு பாஷையும் தெரிந்த அவளுடைய கை, மௌஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.