கையுறைக்குள் ஒரு சொல்

புக்கிட் செலம்பாவ் முச்சந்தியில், தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் கிலாங் பஸ்ஸுக்காக நின்றபடியே ஃபெலிசியா அன்றைய சொல்லை இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். மெட்டிகுலஸ். எதையும் நுணுகிப் பார்த்துச் செய்கிற குணமாம், கைப்பேசி சொன்னது. இது நூற்று நாற்பத்து மூன்றாவது சொல். தொழிற்சாலைக்குள் கைப்பேசி கூடாது, துண்டுச் சீட்டும் கூடாது. அதனால் நீல மையில் கையில் எழுதி, மேலே ரப்பர் கையுறையை மாட்டிக்கொள்வாள். வேலை முடிந்து கழற்றும்போது வியர்வையில் பாதி எழுத்து போயிருக்கும். மிச்சத்தைப் பார்த்து முழுச் சொல்லும் வாயில் வந்தால் அன்றைக்குப் பாஸ்.

சுங்கைப் பட்டாணி தொழிற்சாலையில் பதினேழு வருடமாக அவளுக்கு அதே லைன், அதே மெஷின். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றுகிற குழாயைப் பைக்குள் போட்டு, பையின் வாயைச் சூட்டில் ஒட்டும் வேலை. நின்று நின்று கால் நரம்பெல்லாம் முடிச்சுப் போட்டுக்கொண்டன. லீடர் ஆனால் உட்காரலாம், நைட் ஷிப்ட் கிடையாது. இரண்டு முறை மனுப் போட்டாள். வேலையில் ஒரு குறையும் இல்லை, இங்லீஷ்தான் போதவில்லை என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் அதற்குப் பிறகு மூன்று வருட மலாய்ப் பள்ளியும் படித்தவளிடம் வேறென்ன இருக்கும்? இந்த முறை புது மேனேஜர் மிஸ்டர் டான் ஒரு சோதனை வைத்தார். லீடர் வேலைக்கு மனுப் போட்ட அவளும் அஃபிராவும் ஒரு வாரத்துக்கு லைனில் எது நடந்தாலும் ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும்.

அஃபிரா நாசி கண்டார் சோற்றுக்கடைக்கார ஹனீபாவின் மகள், வேலைக்கு வந்து மூன்றே வருடம். அவளுடைய இங்லீஷ் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் வெட்கம் கிடையாது. ஃபெலிசியா கையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, "இதுக்கு ஏங்க்கா இவ்ளோ சூசா, இவ்ளோ கஷ்டம்? தெரிஞ்சத சொன்னா புரிஞ்சிப்பாங்க லா" என்றாள். சின்னப் பெண், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு மெஷினின் சத்தம் மாறியது. டக், டக் என்று விழுகிற சூட்டுத் தகடு டொப், டொப் என்று விழுந்தது. மற்றவர்கள் யாரும் திரும்பவில்லை. ஃபெலிசியாவுக்குத் தெரியும், தகட்டில் சூடு நிற்கவில்லை, வந்து வந்து போகிறது. பார்வைக்குப் பை ஒட்டின மாதிரிதான் இருக்கும், ஒட்டியிருக்காது, கிருமி உள்ளே போகும். வேறொரு நாளாக இருந்தால், "லோகேஸ் அண்ணே, சத்தம் சரியில்ல, வந்து பாருங்க" என்று டெக்னீஷியன் லோகேஸ்வரனுக்கு ஒரு குரல் கொடுத்திருப்பாள். அன்றைக்கு லோகேஸ்வரனுக்குப் பக்கத்தில் மிஸ்டர் டான் குறிப்பு அட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

சத்தம் மாறிவிட்டது. சரி, இதை இங்லீஷில் எப்படிச் சொல்வது? கற்ற சொல்லெல்லாம் மண்டைக்குள் முண்டியடித்தன. மேக்னிஃபிசன்ட். அபண்டன்ட். எக்ஸ்ட்ராவகன்ட். கல்யாணப் பந்தலை வர்ணிக்கலாம், ஒரு மெஷினைப் பற்றி நாலு வார்த்தை பேச வழியில்லை. என்ன கண்றாவி இது! ‘தி மெஷின்’ வரைக்கும் வந்தது, அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. தப்பாக உளறினால் மூன்றாவது முறையும் போச்சு. இன்னும் ஒரு நிமிடம், சரியாகச் சேர்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே கை பைகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. பத்தேகாலுக்கு வழக்கம்போல ஒரு பையை எடுத்து, ஒட்டு தாங்குகிறதா என்று சோதித்தார்கள். எடுத்த பை எப்படியோ தாங்கிவிட்டது. அப்போதும் அவள் வாக்கியத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

பத்து இருபதுக்கு அஃபிரா, வாய் பிளந்த ஒரு பையோடு கையைத் தூக்கினாள். "சார், மெஷின் நோ குட் லா. ஸ்டாப்."

மெஷின் நின்றது. லோகேஸ்வரன் மூடியைத் திறந்து பார்த்தார், சூட்டுக் கம்பி பாதி கருகிக் கிடந்தது. மிஸ்டர் டான் அஃபிராவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அட்டையில் என்னவோ எழுதினார். ஃபெலிசியாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நோ குட் லா. அவ்வளவுதானா? இதற்கா ஐந்து மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன்? அஃபிராமேல் கோபம் வரவில்லை. ஆத்திரமெல்லாம் தன்மேல்தான். போகிற போக்கில் லோகேஸ்வரன் அவள் பக்கம் குனிந்தார்.

"எப்பவும் நீதானே மொதல்ல கேப்ப. இன்னிக்கு காது எங்க போச்சு?"

அவள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்கு, பெட்டிகள் அடுக்கும் இடத்தில் எல்லாரும் கூடி நின்றார்கள். மிஸ்டர் டான் அஃபிராவைப் பாராட்டினார். பத்தேகாலுக்குப் பிறகு செய்ததையெல்லாம் வீசிவிடச் சொன்னார். அதற்கு முன்னால் செய்தது சோதனையில் தேறியது, இன்றைக்கே லாரியில் ஏறலாம் என்றார். அவர் காட்டிய பெட்டிகளில் பத்து மணிக்குப் பிறகு நிரம்பியதை ஃபெலிசியா எண்ணினாள். பதினொன்று. பத்து மணியிலிருந்து அவள் கையாலேயே தள்ளிய பைகள். நாளைக்கு யாரோ பெற்ற பிள்ளையின் கையில் ஏறப்போகிற குழாய்கள்.

சொன்னால், தெரிந்தும் வாயை மூடி நின்றவள் என்று ஆகிவிடும். லீடர் வேலை அதோடு சரி, எச்சரிக்கைக் கடிதமும் வரும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெளியே கிலாங் பஸ் ஹாரன் அடித்தது. எல்லாரும் கையுறையைக் கழற்றியபடி வாசலைப் பார்த்தார்கள். அவளும் கழற்றினாள். கழற்றிய கையைத் தூக்கினாள்.

"யெஸ், ஃபெலிசியா?"

"ஐ ஹியர், சார். டென் ஓ கிளாக், ஐ ஹியர்."

மிஸ்டர் டானுக்குப் புரியவில்லை. "ஹியர் வாட்?" என்றார்.

ஃபெலிசியா உள்ளங்கையைப் பார்த்தாள். மெட்டிகுலஸ் முழுக்கக் கரைந்து நீலச் சேறாகக் கிடந்தது. லோகேஸ்வரனைப் பார்த்தாள். பிறகு அந்தப் பதினொரு பெட்டிகளுக்குப் பக்கத்தில் போய், மேலே இருந்ததை விரல் முட்டியால் தட்டினாள். டக். அடுத்ததாக அதே பெட்டியில் உள்ளங்கையை வைத்து அடித்தாள். டொப்.

லோகேஸ்வரன் சட்டென்று நிமிர்ந்தார். அவள் கையை எடுத்தபோது, வெள்ளை அட்டையில் நீலமாக அவள் கை பதிந்திருந்தது.