உர்பேஸ் சொன்னதும் ஒரோசியா சொன்னதும்

பக்கவாதம் வந்த பிறகு உர்பேஸ் கஸ்தானுக்குக் காஸ்திலியம், அதாவது நாட்டின் பொதுமொழியான ஸ்பானியம், பேச வரவில்லை. பிறர் பேசினால் புரிந்தது. வாயைத் திறந்தால் பிள்ளைப் பிராயத்து அரகோனிய மலைமொழி மட்டுமே வந்தது. சரகோசா நகர முதியோர் இல்லத்தில் எல்லோரும் அதை உளறல் என்றே நினைத்தார்கள்.

பணிப்பெண் ஒரோசியாவுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவளும் அவருடைய மலையூர்க்காரிதான்.

அந்த ஊராட்சியில் உர்பேஸ் நெடுங்காலம் செயலராக இருந்தவர். ஊரிலிருந்த ஒரே தொலைபேசி அவர் மேசைமேல் இருந்தது. ஒரு குளிர்காலத்தில் ஒரோசியாவின் அப்பா வயிற்றுவலியில் துடிக்க, மருத்துவரைக் கூப்பிடச் சொல்லி அம்மா சிறுமியான அவளையும் இழுத்துக்கொண்டு பனியில் ஓடினாள்.

"மனுசங்க பேசுற பாஷைல சொல்லு, கூப்பிடுறேன்" என்றார் உர்பேஸ், காஸ்திலியத்தில்.

அம்மா தெரிந்த சொற்களைக் கோத்துப் பார்த்தாள். அவர் ஒவ்வொரு பிழையாகத் திருத்தினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஒருவழியாகத் தொலைபேசியை எடுத்தபோது மலைப்பாதை பனியில் மூடிவிட்டிருந்தது. அப்பா விடியுமுன் இறந்தார்.

உர்பேஸின் மகன் லொரென்ஸோ தொலைவில் தெருவேல் நகரில் வேலை பார்த்தான். மலைமொழி காதில் விழாமலே உர்பேஸ் அவனை வளர்த்திருந்தார். இல்லத்தில் சேர்த்தபின் முதல் ஞாயிறு அவன் பார்க்க வந்தபோது கிழவர் அவன் சட்டைக்கையைப் பற்றிக்கொண்டு, தன்னை இங்கே விட்டுப் போகாதே, வீட்டுக்குக் கூட்டிப் போ என்று கெஞ்சினார். பக்கத்தில் நின்ற ஒரோசியா, அது மலைமொழி, தனக்குப் புரியும் என்றாள்.

"என்ன சொல்றாரு, ஒரோசியா?"

"இங்க நல்லா இருக்குதாம். நீங்க இவ்வளவு தூரம் அலைய வேணாங்குறாரு."

கிழவர் தலையைப் பலமாக ஆட்டி மறுத்தார். அப்பா எப்போதும் பிடிவாதக்காரர்தான் என்று லொரென்ஸோ சிரித்தான். அதன்பின் அவன் வருவது குறைந்தது.

ஒருநாள் சூப் ஊட்டும்போது ஒரோசியா அவரிடம் மலைமொழியில் பேசினாள். கிழவர் முகம் மலர்ந்தது, கண்ணில் நீர் வந்தது.

"நான் பெட்ரோனிலா மக. தெரியுதா? பனியில ஓடி வந்து உங்க மேசை முன்னால நின்னாளே."

அவர் வெகுநேரம் யோசித்தார்.

"எந்த பெட்ரோனிலா?"

அவர் நடிக்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. அவர் எதிரில் அப்படி எத்தனையோ பேர் நின்றிருப்பார்கள். அவள் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வசந்தத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. லொரென்ஸோ ஓடி வந்தான். மலையூரில், மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்கச் சொன்னார் கிழவர். மகன் ஒரோசியாவைப் பார்த்தான்.

"ஊருக்குக் கொண்டுபோக வேணாமாம். அங்க தனக்குன்னு இப்போ உயிரோட யாருமில்லன்னு சொல்றாரு."

கிழவர் அவளையே பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். மகன் எவ்வளவோ கேட்டும் சாகும்வரை ஒரு சொல் பேசவில்லை.

சரகோசாவிலேயே, சவப்பெட்டிகளை அடுக்கும் கல்லறைச் சுவரின் மேல்வரிசை மாடமொன்றில் அவரை வைத்தார்கள். லொரென்ஸோ ஒரோசியாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீங்கள் இல்லாவிட்டால் அப்பாவின் ஆசையே தெரியாமல் போயிருக்கும் என்றான். அவள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். மதியம் இல்லத்துக்குத் திரும்பி, அவர் படுக்கை விரிப்பை உருவிச் சலவைக்குப் போட்டாள்.